காபி, கோகோ, மிளகு, மஞ்சள் மாதிரி பொருள்ல பதப்படுத்தற முறை தரத்தை நிஜமாவே மாத்துதா, இல்ல வெறும் மார்க்கெட்டிங்கா? வாங்கும்போது எதைப் பாக்கணும்?

மாத்துது. நீங்க நினைக்கிறதுக்கு மேலயே மாத்துது. ஆனா பாக்கெட்ல பெருசா போட்டிருக்கிற "வாஷ்டு", "நேச்சுரல்", "சன் டிரைடு"ங்கிற பேரை மட்டும் நம்பி வாங்குனா ஏமாந்துருவீங்க. காபி வறுக்கிறது, மசாலா சரக்கு பாத்து எடுக்கிறதுன்னு ரெண்டு வேலையிலயும் இருந்ததுல எனக்குப் பட்டது இதுதான்: எந்த முறையில பண்ணாங்கங்கிறது அப்புறம், அந்த முறைய எந்த எடத்துல நிறுத்துனாங்கங்கிறது தான் முதல்ல கேக்க வேண்டியது.

ஏன்னா நாம வாசனைன்னு சொல்றதுல பாதி, செடியில இருக்கும்போது இருக்கறதே இல்ல. பச்சை வெனிலா காயைப் பறிச்சு மோந்து பாருங்க, சும்மா பச்சக்காய் வாடை தான் வரும். வெனிலின் உள்ள இருக்கு, ஆனா சர்க்கரையோட சேந்து குளுக்கோவெனிலினா பூட்டிக் கெடக்கு. காயை 60-65 டிகிரி சுடுதண்ணியில ஒரு 3 நிமிஷம் முக்கி எடுத்தா காயோட உயிர் போகும், செல் உடையும், உள்ள இருக்கிற என்சைம் வந்து அந்த சர்க்கரையை கழட்டி விடும், அப்ப தான் வாசனை ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் கம்பளியில சுத்தி வேர்க்க வச்சு, தினமும் கொஞ்ச நேரம் வெயில்ல காட்டி, நெழல்ல மெதுவா காய வச்சு, பெட்டியில போட்டு மாசக்கணக்குல வச்சிருப்பாங்க. கடைசியில 5-6 கிலோ பச்சக்காய்க்கு 1 கிலோ தேறுனா பெரிய விஷயம். தண்ணி சூடு ஜாஸ்தியானா காயோட சேந்து என்சைமும் போயிரும், பூட்டைத் திறக்க ஆள் இல்ல. சூடு பத்தலைன்னா காய் ஒரு பக்கம் பழுப்பு ஒரு பக்கம் பச்சைன்னு நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது சில டிகிரி, சில நிமிஷம் தான்.

கோகோவும் கிட்டத்தட்ட இதே கதை, ஆனா அங்க வேலை செய்றது நுண்ணுயிர். பழத்தை ஒடச்சு வெள்ளை சதையோட கொட்டைகளை குவிச்சு வாழை இலையால மூடி வைப்பாங்க, இல்ல மரப்பெட்டியில போடுவாங்க. முதல்ல ஈஸ்ட் வந்து சதையில இருக்கிற சர்க்கரையை ஆல்கஹாலா மாத்தும், கூடவே லாக்டிக் பாக்டீரியா சேந்துக்கும், அப்புறம் குவியலைக் கெளறி காத்து போக விட்டா அசிட்டிக் பாக்டீரியா அந்த ஆல்கஹாலை புளிக்காடி ஆக்கும், இதுல வர்ற சூடு 45-50 டிகிரி வரைக்கும் போகும். அந்த சூடும் அமிலமும் சேந்து தான் கொட்டைக்குள்ள இருக்கிற முளையைக் கொல்லுது. உள்ள புரோட்டீன் ஒடஞ்சு அமினோ அமிலமாவும் சுக்ரோஸ் ஒடஞ்சு குளுக்கோஸ் ஃப்ரக்டோஸாவும் ஆனா தான் நாளைக்கு வறுக்கும்போது சாக்லேட் வாசனை வரும். புளிக்க வைக்காத கொட்டையை எவ்ளோ நல்லா வறுத்தாலும் துவர்ப்பும் கசப்பும் தான், சாக்லேட் வராது. சாதாரணமா 5-7 நாள் ஆகும், கிரியோல்லோ வகைக்கு 2-3 நாளே போதும், அதை ஏழு நாள் போட்டா அழுகல் வாடை வந்துரும். இதை செக் பண்றது ரொம்ப ஈஸி, கொட்டையை நீளவாக்குல வெட்டிப் பாப்பாங்க: சிலேட்டு மாதிரி சாம்பல் நிறமா இறுக்கமா இருந்தா புளிக்கவே இல்ல, ஊதாவா இருந்தா பாதி தான் ஆச்சு, பழுப்பா பிளவு பிளவா இருந்தா சரி.

இதோட முடியல, காய வைக்கிறதுல இன்னொரு கண்டம் இருக்கு. அவசரப்பட்டு அதிக சூட்டுல காய வச்சா ஓடு முதல்ல இறுகிப் போய் உள்ள இருக்கிற அசிட்டிக் அமிலம் வெளிய போக வழி இல்லாம மாட்டிக்கும், சாக்லேட் புளிக்கும். மழைன்னு சொல்லி விறகு புகையில காய வச்சா கருவாடு மாதிரி புகை வாடை, அதை அப்புறம் எந்த ஃபேக்டரியாலயும் எடுக்க முடியாது. (அதே புகை ஸ்பெயின்ல லா வேராங்கிற பகுதி மிளகாய்க்கு அடையாளமே! ஓக் விறகு புகையில பத்து பதினஞ்சு நாள் வாட்டி தான் அந்த பாப்ரிகாங்கிற மிளகாய்ப் பொடியை பண்றாங்க. ஒரு எடத்துல கோளாறு, இன்னொரு எடத்துல பேரு.)

காபிக்கு வரேன், சண்டை அதிகம் நடக்கிறது இங்க தான். வாஷ்டுன்னா பழத்தோலை உரிச்சு, கொட்டை மேல ஒட்டியிருக்கிற வழவழப்பை தொட்டியில புளிக்க வச்சு கழுவிட்டு காய வைக்கிறது. நேச்சுரல்னா முழுப் பழத்தையும் அப்படியே காய வச்சு அப்புறம் தோலை எடுக்கிறது. ஹனின்னா தோல் போயிரும், வழவழப்போட காயும், தேனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. வாஷ்டுல புளிப்பு தெளிவா தெரியும், நேச்சுரல்ல பழ வாசனையும் இனிப்பும் கனமும் தூக்கலா இருக்கும், இது பொதுவா சரி தான். ஆனா இதுல எது உசத்தின்னு கேட்டா எனக்கு சிரிப்பு தான் வரும். தொட்டியில சில மணி நேரம் கூடுதலா விட்ட வாஷ்டுல அழுகுன வாடை வரும், அந்த மாதிரி ஒரே ஒரு கொட்டை இருந்தாலே ஒரு கப் கெட்டுப் போகும். நேச்சுரலை தடிமனா பரப்பி சரியா கெளறாம விட்டா ஒரு பக்கம் பூஞ்சை ஒரு பக்கம் சாராய வாடை. நேச்சுரல் காய ரெண்டு மூணு வாரம் கூட ஆகும், அத்தனை நாளும் யாராவது கெளறிட்டே இருக்கணும், ராத்திரி பனி விழுந்தா மூடணும். தப்பு நடக்க அதுல வாய்ப்பு ஜாஸ்தி, அதனால நல்ல நேச்சுரல் கெடைக்கிறது கஷ்டம், அவ்ளோ தான் விஷயம்.

சில முறைகள் யாரும் உக்காந்து யோசிச்சு கண்டுபிடிச்சதே இல்ல, ஊர் வானிலை தான் தீர்மானிச்சது. சுமத்ரால மழையும் ஈரமும் ஜாஸ்தி, 11-12 சதவீத ஈரம் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது, அதனால 30-35 சதவீதம் ஈரம் இருக்கும்போதே மேலோட்டை எடுத்துட்டு வெறும் கொட்டையை காய வைப்பாங்க. கிலிங் பாசான்னு பேரு. கொட்டை நீலப்பச்சையா இருக்கும், புளிப்பு கம்மி, மண் வாசனையும் கனமும் அதிகம். மலபார் மான்சூன் காபி இதுக்கு நேர் எதிர், காஞ்ச கொட்டையை மேற்குக் கடற்கரையில ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அடிக்கிற மழைக்காத்துல திறந்த குடோன்ல பரப்பி வச்சு திரும்ப ஈரம் ஏத்துறாங்க. கொட்டை ஊதி வெளிறி மஞ்சளாகி புளிப்பே இல்லாம போகும். பாய்மரக் கப்பல் காலத்துல ஐரோப்பா போய்ச் சேர்றதுக்குள்ள மாசக்கணக்குல கடல் ஈரத்துல கெடந்து தானா அப்படி ஆச்சு, அந்த ருசி பழகிட்ட ஆளுங்களுக்காக இப்ப வேணும்னே பண்றாங்க. எனக்கு தனியா குடிக்க அவ்வளவா பிடிக்காது, எஸ்பிரெசோ கலவைக்கு அருமை.

மசாலால மிளகை எடுத்துக்கிட்டாலே போதும், கறுப்பு வெள்ளை பச்சை மூணும் ஒரே கொடி. கறுப்புக்கு முத்துன பச்சை மிளகை கொதிக்கிற தண்ணியில ஒரு நிமிஷம் முக்கி எடுத்து காய வைப்பாங்க, தோல் செல் ஒடஞ்சு அதுல இருக்கிற என்சைம் வேலை செஞ்சு சீரா கறுக்கும், தூசி போகும், சீக்கிரமாவும் காயும். அதே கொதிதண்ணியில இன்னும் நிறைய நேரம் விட்டா அந்த என்சைம் மொத்தமா செத்துரும், மிளகு கறுக்காது. பச்சை மிளகு காய வைக்கிறவங்க வேணும்னே அதைத் தான் பண்றாங்க. பாருங்க, பொருள் ஒண்ணு, தண்ணி ஒண்ணு, நேரம் மட்டும் வேற.

வெள்ளை மிளகுக்கு பழுத்த மிளகை மூட்டையில கட்டி ஒரு வாரம், பத்து நாள் தண்ணியில ஊற வச்சு தோலை அழுக விட்டு தேச்சு எடுப்பாங்க. காரம் குடுக்கிற பைப்பரின் உள்விதையில இருக்கு, அது தங்கிரும், ஆனா வாசனை எண்ணெய்ல பெரும்பகுதி தோல்ல இருக்கு, அது போயிரும். தேங்குன தண்ணியில ஊற வச்சா ஸ்கேட்டோல், கிரெசால் மாதிரி சாமான் உண்டாகி மாட்டுத்தொழுவ வாடை வரும். வெள்ளை மிளகுன்னாலே அப்படித் தான் நாறும்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க, இல்லவே இல்ல, ஓடுற தண்ணியில ஊற வச்சதை ஒரு தடவை மோந்து பாத்தா தெரியும்.

அடுத்து கண்ணை ஏமாத்துற சரக்கு. ஏலக்காய் பச்சையா இருந்தா தான் நல்லதுன்னு எல்லாருக்கும் ஒரு நினைப்பு. சூட்டு அறையில 45-50 டிகிரில காத்தோட்டமா ஒரு நாள் போல காய வச்சா பச்சை நிக்கும், வெயில்ல போட்டா வெளுத்துரும், அதனால நெறம் ஓரளவுக்கு கவனிச்சுக் காய வச்சதுக்கு அடையாளம் தான், இல்லைன்னு சொல்லல. ஆனா வாசனை எண்ணெய் இருக்கிறது விதையில, பச்சை இருக்கிறது தோல்ல. பச்சையா பளபளன்னு இருக்கிற காயை உரிச்சா உள்ள வெளிறுன சுருங்குன விதை இருக்கலாம், கறுத்து பிசுபிசுன்னு இருக்கிற விதை தான் வேணும். மஞ்சளும் இப்படித் தான். கிழங்கை 45 நிமிஷம் ஒரு மணி நேரம் வேக வைக்கிறது நெறம் உள்ள முழுக்க ஒரே மாதிரி பரவவும் ஸ்டார்ச் வெந்து சீக்கிரம் காயவும் தான், வேக வச்சா குர்குமின், அதாவது மஞ்சளுக்கு நெறம் குடுக்கிற சத்து, கூடும்னு சொல்றது கதை. வேக்காடு பத்தலைன்னா ஒடஞ்சு போகும், மீறுனா நெறம் கெடும், எண்ணெயும் போகும். கடைசியா போடற பாலிஷ் வெறும் அழகுக்கு, அந்த அழகுக்கு ஆசைப்பட்டு தான் வங்கதேசத்துல பாலிஷ் கட்டத்துல லெட் குரோமேட்ங்கிற மஞ்சள் சாயத்தைப் பூசுனாங்க, 2019-ல ஆய்வு வெளிய வந்து அப்புறம் அரசாங்கம் எறங்கி நடவடிக்கை எடுத்துச்சு. ஈயம் அது, சாதாரண கலப்படம் இல்ல.

இஞ்சியை காய வச்சா, அதுக்கு காரம் குடுக்கிற ஜிஞ்சரால்ல ஒரு பகுதி தண்ணி இழந்து ஷோகாலா மாறும், அது இன்னும் காரம், சுக்கு இஞ்சியை விட வேற மாதிரி சுள்ளுன்னு இருக்கிறதுக்கு காரணம் அது தான். எண்ணெய் செல் தோலுக்கு ஒட்டுன மாதிரியே நிறைய இருக்கிறதால ஆழமா சீவுனா வாசனையும் தோலோட போயிரும். குங்குமப்பூவுல சாஃப்ரனால்ங்கிற அந்த வாசனை பச்சைப் பூவுல கிட்டத்தட்ட கெடையாது, காய வைக்கும்போது கசப்பு தர்ற பைக்ரோகுரோசின்ல இருந்து உண்டாகுறது.

இவ்ளோத்துக்கும் அடியில இருக்கிறது ஈரப்பதம் தான். காபிக்கு 10-12 சதவீதம், கோகோவுக்கு 7 பக்கம், மிளகுக்கு 10-12. இதுக்கு மேல இருந்தா பூஞ்சை, மிளகாய்ல அஃப்ளாடாக்ஸின், காபியில ஆக்ரடாக்ஸின்னு பூஞ்சை விடற விஷம் வர்றதெல்லாம் பெரும்பாலும் வெறும் மண்ணுல காய வச்சு, அரைகுறையா காஞ்சதை மூட்டை கட்டுறதால. அஃப்ளாடாக்ஸின் சமையல் சூட்டுல போகாது, அதனால வறுத்தா சரியாயிரும்னு நினைக்காதீங்க. ஈரம் ரொம்ப கொறஞ்சாலும் நல்லதில்ல, பொடிஞ்சு எண்ணெய் பறந்துரும்.

இத்தனை பேர் பாடுபட்டு கொண்டு வந்ததை கெடுக்கிற கடைசி ஆள் அரவை மெஷின். வேகமா அரைக்கும்போது பொடி நல்லா சூடேறும், அரைக்கிற எடமே கமகமன்னு மணக்குதேன்னு சந்தோஷப்படுவோம், அது அத்தனையும் உங்க பொடியில இருந்து போற வாசனை. திரவ நைட்ரஜன் விட்டு குளிர வச்சு அரைக்கிற மெஷின் இருக்கு, செலவு ஜாஸ்தி, மெதுவா விட்டு விட்டு அரைச்சாலே ஓரளவு காப்பாத்தலாம். கிருமி நீக்குறதுக்கு நீராவி, கதிர்வீச்சு, எத்திலீன் ஆக்சைடுன்னு மூணு வழி, மூணாவதை ஐரோப்பிய யூனியன் உணவுல தடை பண்ணிருச்சு. நீராவியில கொஞ்சம் எண்ணெய் போகும் தான், ஆனாலும் நான் அதைத் தான் எடுப்பேன்.

வாங்கும்போது: முடிஞ்சவரைக்கும் முழுசா வாங்குங்க. மிளகை கையில அள்ளி கனம் பாருங்க, லேசா இருந்தா பிஞ்சு. கிராம்பை நகத்தால அழுத்துனா எண்ணெய் கசியணும், வெளுத்து சுருங்கி தலை இல்லாம இருந்தா ஒண்ணு சரியா காயாதது இல்ல எண்ணெய் எடுத்தது. ஏலக்காயை உரிச்சு விதையைப் பாருங்க. காபியில வறுத்த தேதி போட்டிருக்கான்னு பாருங்க, இப்ப ஃபேஷனா வர்ற "அனேரோபிக்" (காத்து புகாத தொட்டியில புளிக்க வச்ச) சரக்குல பழ வாசனை தூக்கியடிச்சா உடனே மயங்காதீங்க, ஆறுனப்புறம் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, புளிக்க வச்சது எல்லை தாண்டியிருந்தா சூட்டுல மறைஞ்சிருந்த காடி வாடை அப்ப வெளிய வந்துரும்.