ஊர் இருக்கட்டும், மகளைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தாள். இப்போது பிளஸ் ஒன், ஆங்கிலவழி. மூன்று மாதங்களாகச் சரியான சாப்பாடு, தூக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். ஈசிஜி, ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. “எழுந்தாலும் ஒன்றுதான், படுத்தாலும் ஒன்றுதான்” என்கிறாள். வகுப்பில் சிலர், தமிழர்களை இங்கே மட்டமாகச் சொல்லும் ‘பாண்டி’ என்ற பெயரால் கேலி செய்கிறார்களாம். செல்போனைப் பிடுங்கிவிட்டுக் கோவையில் விடுதியில் சேர்த்துவிடலாமா? மந்திரித்துத் தகடு கட்டச் சொல்கிறார்கள் உறவினர்கள். மனநல மருத்துவரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். நாளை யார் பெண் எடுப்பார்கள்?

— பெயர் வெளியிட விரும்பாத தந்தை, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: விடுதி வேண்டாம், தகடும் வேண்டாம். இந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

ஈசிஜி சரியாக இருந்தால் இதயக் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு என்று பொருள். அவள் நடிக்கிறாள் என்று பொருளல்ல. பயம் உடம்பைப் பிடித்து உலுக்கும்போது நெஞ்சு உண்மையிலேயே அடித்துக்கொள்ளும், விரல்கள் மரத்துப்போகும், இப்போதே உயிர் போய்விடும் என்று தோன்றும். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கும். அடுத்த முறை அவள் எழுந்து உட்காரும்போது விளக்கையெல்லாம் போட்டு வீட்டையே கூட்டாதீர்கள். “ஒன்றுமில்லை, படு” என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். நீங்களும் அவளோடு சேர்ந்து மெதுவாக விடுங்கள். “இது இறங்கிவிடும், நான் இங்கேயே இருக்கிறேன்” என்று சொன்னால் போதும்.

எதிலும் பிடிப்பில்லாத மனநிலை இரண்டு வாரம் நீடித்தாலே மருத்துவர்கள் அதை மனச்சோர்வாக இருக்கலாம் என்று ஆராய்வார்கள். நீங்கள் மூன்று மாதம் என்கிறீர்கள். 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் தெருவிலேயே இன்னும் சில வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டு இதையே மறைத்துக்கொண்டிருக்கலாம்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: அவரிடம் அவள் தமிழில் பேச முடிய வேண்டும். கடைவீதியிலும் பஸ்ஸிலும் அவள் மலையாளம் பேசுவாள்தான். ஆனால் நள்ளிரவில் வரும் பயத்தைச் சொல்ல வீட்டில் பேசும் மொழிதான் வரும். வேலந்தாவளம் தாண்டினால் கோவை. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. பாலக்காட்டிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் சிகிச்சை உண்டு. தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு போங்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்றால் 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் அது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலும் பேசலாம். அவளும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

மருத்துவரிடம் சொல்வது வெளியே போகாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ரகசியத்தை அவளுடைய உரிமையாக்கியிருக்கிறது. கல்யாணக் கவலையைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சாப்பிடாமல் தூங்காமல் இருக்கும் பதினாறு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, என்றோ வரப்போகும் மாப்பிள்ளை வீட்டாரின் மனத்தைப் பற்றியா யோசிப்பது?

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. “செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” என்று அவளிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருந்தால் வெளியே வரும். ஆமாம் என்றால் அவளைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எப்படியானாலும் வீட்டிலும் தோட்டத்திலும் உள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டிச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

பல பிள்ளைகளுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே கைகொடுக்கும். மருந்து எழுதினால் பயப்படாதீர்கள்; பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் சில வாரங்களில் அவளுக்குத் தவிப்போ சாகும் எண்ணமோ கூடுகிறதா என்று கவனியுங்கள். கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். “தேறிவிட்டாள்” என்று நீங்களாகவே மருந்தை நிறுத்தக் கூடாது.

செல்போனைப் பிடுங்காதீர்கள். பழைய பள்ளித் தோழிகளோடு அவளுக்கு மிச்சமிருக்கும் தொடர்பு அதில்தான் இருக்கக்கூடும். இரவு பத்து மணிக்கு மேல் எல்லோருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் கிடக்கட்டும்.

‘பாண்டி’ விஷயத்தைப் பெண்பிள்ளைகளின் விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். பாஷை மாறி, பாடமொழி மாறி, தோழிகளை இழந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணை அது தினமும் குத்துகிறது. பள்ளி பிரின்சிபலை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். கேலி செய்தவர்களின் பெயரைச் சொல்லும்படி அவளை எல்லோர் முன்னும் நிறுத்த வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பள்ளியில் ஆலோசகர் இருந்தால் அவரையும் அன்றே பார்த்துவிட்டு வாருங்கள்.