காந்தத்தில் ஒட்டும் தோட்டாவை என்ன செய்வது? சர்ப்ளஸ் ரைஃபிள் தோட்டா பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைச் சுற்றித்தான் இருக்கின்றன. ராணுவக் கிடங்கிலிருந்து கழித்துவிட்ட தோட்டா மலிவாகக் கிடைத்தது, வாங்கினோம். சுடும் பயிற்சி மைதானமான ரேஞ்சில் காந்தம் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். ஒரு சொல் விளக்கம் மட்டும் முதலில்: கேஸ் (உலோகக் கூடு), பிரைமர் (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழு உருப்படியைத் தோட்டா என்றும், குழலை விட்டுப் பறந்து போகும் பகுதியை மட்டும் குண்டு என்றும், குண்டின் கூர்நுனியை முனை என்றும் எழுதுகிறேன்.

மோசின் நகான் என்ற பழைய ரஷ்ய ரைஃபிளுக்காக 440 தோட்டா உள்ள சீல் வைத்த தகர டப்பா வாங்கினேன். கவசம் துளைக்கும் தோட்டா இல்லை என்று விற்றவர் உறுதியாகச் சொன்னார். ஆனால் ரேஞ்சில் காந்தம் ஒட்டுகிறது என்று தடுத்துவிட்டார்கள். யார் சொல்வது சரி?

இருவருமே சரி. இந்த ரைஃபிளுக்கான 7.62×54ஆர் அளவுத் தோட்டாவின் சர்ப்ளஸில் அதிகம் கிடைப்பது சோவியத் வகை 'லைட் பால்' குண்டு ('பால்' என்பது சாதாரண ராணுவ ரகம்). எடை சுமார் 148 கிரெய்ன், அதாவது 9.6 கிராம். அதன் நடுவில் மென் எஃகுத் தண்டு, அதைச் சுற்றி மெல்லிய ஈயப் படலம், அதற்கு மேலே செம்புக் கலவை பூசிய எஃகு உறை. நடுத்தண்டு எஃகாக இருந்தது ஈயத்தை மிச்சப்படுத்தவும் செலவைக் குறைக்கவும்தான். கவசம் துளைக்கும் குண்டில் இருப்பது கடினப்படுத்திய எஃகு. இரண்டும் வேறு வேறு.

ஆனால் காந்தத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. மென் எஃகு, கடின எஃகு, வெறும் எஃகு உறை, எதுவானாலும் ஒட்டும். அதே ரைஃபிளுக்கு வரும் மஞ்சள் முனை 'ஹெவி பால்' குண்டுக்குள் முழுக்க ஈயம்தான், இருந்தாலும் உறை எஃகு என்பதால் அதுவும் ஒட்டும். இன்று புதிதாகத் தயாராகிக் கடைக்கு வரும் மலிவு ரகத் தோட்டாக்கள் பலவற்றின் கதையும் இதுதான்.

உள்ளே இருப்பது ஈயம்தான் என்று நிரூபிக்க, கழற்றிய ஒரு குண்டை வைஸில் பிடித்து நெடுக அறுத்துக் காட்டுபவர்கள் உண்டு. சாதாரண பால் குண்டு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அதைச் செய்யுங்கள். அப்படிக் காட்டினாலும் ரேஞ்ச் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

உள்ளே ஈயம் என்றால் அப்புறம் ஏன் தடை? இது வெறும் பிடிவாதம் போலத் தெரிகிறது.

பிடிவாதம் இல்லை. ஒவ்வொரு ரேஞ்சும் ஒரு குறிப்பிட்ட பொருளைக் காப்பாற்றப் பார்க்கிறது. உங்கள் ரேஞ்ச் எதைக் காப்பாற்றுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தோட்டாவில் கை வைப்பது வீண் வேலை. எனக்கு எழுதும் எல்லோருக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

எஃகு இலக்குத் தகடு வைத்திருக்கும் இடத்தில் கவலை தகட்டைப் பற்றியது. ஈயக் குண்டு தகட்டில் பட்டு நசுங்கித் தெறித்துவிடும். எஃகுத் தண்டு தகட்டில் குழி பறிக்கும். குழி விழுந்த தகட்டில் அடுத்து வரும் குண்டுச் சிதறல் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. உட்கூட ரேஞ்சில் பின்னாலிருந்து குண்டுகளைத் தாங்கிப் பிடிக்கும் தடுப்பும் சீக்கிரம் பழுதாகும். அதில் ரப்பர் துகள் நிரப்பியிருந்தால் தீப்பொறிதான் பெரிய அச்சம்.

திறந்தவெளி ரேஞ்சில் காய்ந்த புல். அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர்கள் ரைஃபிள் குண்டு தீப்பற்ற வைக்குமா என்று சோதித்து 2013இல் அறிக்கை வெளியிட்டார்கள். எஃகுத் தண்டோ எஃகு உறையோ உள்ள குண்டுகளும், முழுச் செம்புக் குண்டுகளும் கடினப் பரப்பில் மோதிச் சிதறும்போது உலர்த்திய பீட் பாசித் தூளைப் பற்றவைத்தன. உறை மட்டும் எஃகாக இருந்தாலும் ஆபத்து உண்டு என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் "உள்ளே ஈயம்தானே" என்ற வாதம் கோடைக்காலத்தில் எடுபடாது.

எஃகு கேஸுக்குத் தடை என்றால் அது வேறு விஷயம். தரையில் கிடக்கும் பித்தளைக் கேஸ்களைக் கூட்டி விற்பது ரேஞ்சுக்கு ஒரு வருமானம். எஃகு கலந்தால் பிரிக்கிற வேலை கூடும். அத்தகைய ரேஞ்சில் நீங்கள் குண்டை மாற்றிக்கொண்டு போனாலும் பயன் இல்லை.

சரி, எங்கள் ரேஞ்சில் கேஸ் பிரச்சினை இல்லை, குண்டுதான் பிரச்சினை. ராணுவக் குண்டைக் கழற்றிவிட்டு ஈயக் குண்டு வைக்கலாம் என்கிறார்கள். நம்பலாமா?

பழைய பழக்கம்தான். அமெரிக்காவில் இதற்கு 'மெக்சிகன் மேட்ச்' என்றே பேச்சு வழக்கில் ஒரு பெயர் உண்டு. துல்லியப் போட்டிக்காரர்கள் ராணுவக் குண்டை எடுத்துவிட்டு அதே எடைக்கு நெருக்கமான போட்டிக் குண்டை வைத்தார்கள். பிரைமரும் மருந்தும் பழையவையே. ரேஞ்ச் விதிக்காகவும் அதையே செய்யலாம். ஆனால் தோட்டா தயாரிப்பில் ஏற்கனவே கை பழகியவர்களுக்கான வேலை இது. பிரஸ் (தோட்டா பொருத்தும் அழுத்துகருவி), தராசு, விட்டமும் நீளமும் அளக்கும் காலிப்பர் இல்லாதவர்கள் இதிலிருந்து தொடங்க வேண்டாம்.

முதலில் விட்டம். மோசின் நகான், .303 போன்ற பழைய ரைஃபிள்களின் குழல் .310, .311 அங்குலக் குண்டுக்கானது. கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று .308 குண்டை வைத்தால் குறி தவறுவது சின்ன நட்டம். கழுத்துப் பிடிப்பு போதாமல் குண்டு கேஸுக்குள் அமுங்கிவிடலாம், அப்போது அழுத்தம் தாறுமாறாக ஏறும். லைட் பாலுக்குப் பதிலாக .311 விட்டத்தில் 150 கிரெய்ன் குண்டு பொருத்தமானது. வைத்த பிறகு மேசையில் முனையை அழுத்திப் பாருங்கள். அசைந்தால் அந்தத் தோட்டாவைச் சுடக் கூடாது.

அடுத்து கழற்றுவது. பல ராணுவத் தோட்டாக்களில் கழுத்தில் கருப்பு நிறத் தார் போன்ற பூச்சு இருக்கும், குண்டு எளிதில் வராது. குண்டைக் கேஸில் அழுத்தி வைக்கும் சீட்டிங் டையில் குண்டை ஒரு நூலளவு உள்ளே தள்ளினால் அந்தப் பூச்சு விட்டுவிடும், பிறகு குண்டைப் பற்றி இழுக்கும் காலெட் புல்லரில் இழுக்கலாம். சுத்தியல் வகைப் புல்லரும் வேலை செய்யும், நிறைய தோட்டா இருந்தால் கை சோர்ந்துவிடும். அதோடு வரும் பிடியைத் தவிர வேறு எதையும் அதில் பொருத்தாதீர்கள்.

மருந்து விஷயத்தில் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். ஒரே டப்பாவில், ஒரே லாட் எண்ணில் (தயாரிப்புத் தொகுதி எண்ணில்) வந்த தோட்டாக்களை மட்டும் ஒன்றாக எடுங்கள். சிலவற்றின் மருந்தைத் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். ஆலையிலிருந்து வந்தபோதே ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே அளவைப் போடுங்கள், அந்த அளவு சராசரிக்குக் கீழே இருக்கட்டும், முதல் சில தோட்டாக்களில் அழுத்த அறிகுறிகளைப் பார்த்த பிறகு மேற்கொண்டு போங்கள். புதுக் குண்டின் உறைத் தடிமன் வேறு, குழலைத் தொடும் நீளம் வேறு, எனவே "எடை ஒன்றுதானே" என்று விட்டுவிட முடியாது. மிச்சமான மருந்தை வேறு எந்தத் தோட்டாவிலும் போடாதீர்கள். அதன் பெயரும் எரியும் வேகமும் யாருக்கும் தெரியாது.

புதுக் குண்டின் உறை முழுச் செம்புக் கலவைதானா என்று வாங்கும்போதே காந்தத்தில் பாருங்கள். எஃகு உறைக் குண்டைக் காசு கொடுத்து வாங்கி மாட்டிவிட்டு மறுபடி வாசலில் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்தபின் கணக்குப் போட்டால் மிச்சம் பெரிதாக இருக்காது. குண்டின் விலையே லாபத்தில் பாதியைத் தின்றுவிடும். டப்பா ஏற்கனவே வீட்டில் இருப்பவருக்கு இது அர்த்தமுள்ள வேலை. இதற்காகவே புதிதாக டப்பா வாங்க வேண்டாம்.

குண்டைக் கழற்றாமல் முனையை மட்டும் அரத்தால் தேய்த்து எஃகை எடுத்துவிட முடியாதா?

வேண்டவே வேண்டாம். ராணுவக் குண்டின் உறை பெரும்பாலும் அடியில் திறந்திருக்கும். முனையையும் திறந்துவிட்டால் அது இரு பக்கமும் ஓட்டையான குழாய். சுடும்போது உள்ளிருப்பது மட்டும் வெளியே பறந்து, உறை குழலுக்குள் தங்கிவிடலாம். அடுத்த தோட்டா வெடிக்கும்போது குழலே பிளக்கும், உங்கள் முகம் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. தவிர, எஃகுத் தண்டு முனையில் மட்டும் இல்லை, குண்டின் பெரும்பகுதி நீளத்துக்கு ஓடுகிறது. தேய்த்தாலும் காந்தம் ஒட்டத்தான் செய்யும்.

டப்பாவில் சில தோட்டாக்களின் முனையில் வண்ணம் இருக்கிறது. அவற்றையும் கழற்றலாமா?

வண்ணத்தின் பொருள் உறுதியாகத் தெரியும்வரை கை வைக்காதீர்கள். சோவியத் வகையில் கருப்பும் சிவப்பும் சேர்ந்திருந்தால் கவசம் துளைத்துத் தீயும் வைக்கும் ரகம். பச்சை என்றால் டிரேசர், அதாவது பாதை தெரிய ஒளிவிட்டுப் பறக்கும் ரகம். ஆனால் அதே பச்சை, நேட்டோவின் 5.56 தோட்டாவில் வேறு ஒன்றைக் குறிக்கும். அமெரிக்க .30-06 தோட்டாவில் கருப்பு முனை என்றால் கவசம் துளைப்பது. நாட்டுக்கு நாடு மாறுவதால் ஒரு பட்டியலை இன்னொன்றுக்குப் பொருத்தக் கூடாது.

டிரேசர், தீவைக்கும் ரகம் இரண்டையும் சுத்தியல் புல்லரில் போட்டு அடிப்பது, வைஸில் வைத்து அறுப்பது எல்லாம் தீயோடு விளையாடுவதுதான். தனியே எடுத்து வைத்து, உள்ளூர்ச் சட்டப்படி யாரிடம் ஒப்படைக்க வேண்டுமோ அங்கே ஒப்படையுங்கள். வண்ணத்தைச் சுரண்டிவிட்டு ரேஞ்சுக்குக் கொண்டுபோகலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த வண்ணம் ஒன்றுதான் அடுத்து அதைக் கையில் எடுப்பவருக்கு எச்சரிக்கை. சுரண்டாதீர்கள்.

நேட்டோ 5.56 ரகமான எம்855 பச்சை முனைத் தோட்டாவுக்கும் இதே வழிதானா?

அதில் ஈயத்துக்கு முன்னால் ஒரு சிறு எஃகு முனை இருக்கிறது, அதனால் காந்தம் பிடிக்கும். குண்டு மாற்றலாம், ஆனால் அவ்வளவு சிரமப்பட அவசியம் இல்லை. அதே ரைஃபிளுக்கு 55 கிரெய்ன் எம்193 வகைத் தோட்டா கிடைக்கிறது. அதற்குள் ஈயம் மட்டுமே. வாங்கும்போது காந்தத்தை ஒரு முறை காட்டிவிட்டு அதையே சுடுங்கள்.

குண்டை மாற்றிவிட்டால் துருப்பிடிக்கும் பிரச்சினையும் போய்விடும் அல்லவா?

போகாது. துருவுக்குக் காரணம் பிரைமர். பழைய ராணுவப் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழல் முழுக்கப் படிகிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் மறுநாள் காலைக்குள் துரு தெரியலாம்.

எண்ணெய் உப்பைக் கரைக்காது, மேலே மூடி மட்டும் வைக்கும். உப்பைக் கரைப்பது தண்ணீர். சுட்ட அன்றே குழலில் வெந்நீர் ஊற்றி, போல்ட் முகத்தையும் துடைத்து, நன்றாக உலர்த்தி, பிறகு வழக்கமான சுத்தமும் எண்ணெயும். வாயு இயக்கத் தானியங்கி ரைஃபிள் என்றால் வாயுக் குழாய், பிஸ்டன் இரண்டையும் மறக்காதீர்கள். சேதம் முதலில் தெரிவது பெரும்பாலும் அங்கேதான்.

பிரைமரையே மாற்றிவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். சர்ப்ளஸ் கேஸ்களில் பெரும்பாலானவை பெர்டன் வகை. நடுவில் ஒரு துளை இருக்காது, ஓரமாக இரண்டு சிறு துளைகள் இருக்கும். வழக்கமான ஊசியால் தள்ள முடியாது. மேலும் அது இன்னும் வெடிக்காத பிரைமர்.

எங்கள் ரேஞ்சில் ஈயத்துக்கே தடை. முழுச் செம்புக் குண்டை சர்ப்ளஸ் கேஸில் வைக்கலாமா?

இதற்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன். ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது. ஒரே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும், அந்த நீளம் கேஸுக்குள் இறங்கி மருந்துக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். பெயர் தெரிந்த மருந்து என்றால் செம்புக் குண்டுக்கான தயாரிப்பாளர் அட்டவணையைப் பார்த்துச் சரிசெய்யலாம். பெயர் தெரியாத ராணுவ மருந்துக்கு அட்டவணையே கிடையாது. அந்த ரேஞ்சுக்கு ஆலைத் தயாரிப்பு ஈயமற்ற தோட்டாவை வாங்கிக்கொண்டு போங்கள்.

பழைய பிரிட்டிஷ் .303 தோட்டாவைத் திறந்தால் நூடுல்ஸ் போலக் குச்சிகள் இருக்கின்றன. இதில் குண்டு மாற்றலாமா?

அது கார்டைட் என்ற பழைய பிரிட்டிஷ் மருந்து. கேஸின் கழுத்தைக் குறுக்குவதற்கு முன்பே அந்தக் குச்சிக் கட்டை உள்ளே வைத்துவிடுவார்கள். அதனால் வெளியே எடுத்து நிறுத்து அளவைச் சமப்படுத்தி மறுபடி உள்ளே போடுவது நடக்காத காரியம். மருந்தைச் சமப்படுத்த முடியாத தோட்டாவில் குண்டை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. நல்ல வேளையாக, 174 கிரெய்ன் எடையுள்ள .303 மார்க் 7 குண்டில் எஃகுத் தண்டு இல்லை. முனைப் பகுதியில் அலுமினியம் போன்ற இலேசான அடைப்பு, பின்னால் ஈயம். உறை எஃகாக இல்லாவிட்டால் காந்தத்தில் ஒட்டாது. முதலில் சோதித்துப் பாருங்கள், மாற்ற வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம்.

மாற்றிய தோட்டாக்களை நண்பர்களுக்கு விற்கலாமா?

விற்காதீர்கள். அமெரிக்காவில் விற்பனைக்காகத் தோட்டா தயாரிக்கக் கூட்டாட்சி உரிமம் வேண்டும். உரிமத்தைத் தாண்டி, நீங்கள் அளந்த மருந்தின் பொறுப்பு இன்னொருவர் ரைஃபிளில் உங்களுடையதாகவே இருக்கும். சொந்த டப்பாவில் கூட "குண்டு மாற்றியது, துருப்பிடிக்கும் பிரைமர்" என்று எழுதி, தேதியும் லாட் எண்ணும் குறித்து வையுங்கள். ரேஞ்ச் பாதுகாப்பு அலுவலரிடமும் சுடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

விசையை இழுத்ததும் சொடுக்குச் சத்தம் மட்டும் வந்தது. உடனே போல்ட்டைத் திறந்தேன். பக்கத்தில் இருந்தவர் கத்தினார்.

அவர் கத்தியது சரி. பழைய பிரைமர் தாமதமாகப் பற்றக்கூடும். குழல் முனையை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் முழுசாகக் காத்திருந்து, முகத்தை விலக்கி வைத்துத் திறங்கள். அதைவிட ஆபத்தானது வழக்கத்தைவிட மெல்லிய 'டப்' சத்தம். குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுடாமல், அதே போல ஒரு நிமிடம் காத்திருந்து, தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்து, போல்ட்டைக் கழற்றிக் குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கமிருந்து பாருங்கள். தெரியவில்லை என்றால் அன்றைக்கு அந்த ரைஃபிளைச் சுடாதீர்கள், துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். குண்டு மாற்றிய தோட்டாவில் இப்படி ஒன்று நடந்தால் அதே தொகுதியில் மிச்சமுள்ளவற்றையும் சுடாமல், ஒவ்வொன்றாகப் பிரித்து மருந்தை மறுபடி நிறுத்துப் பாருங்கள்.