காயம் ஆறிய மயிலை ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது?

அன்புள்ள ஐயா,

காங்கயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். நாய்கள் கடித்துப் போட்டிருந்த இளம் பெட்டை மயில் ஒன்றைச் சித்திரையில் எடுத்து வந்து, காலுக்குக் கட்டுப் போட்டு, கம்பும் கடலையும் கொடுத்துத் தேற்றினோம். ஆடி வரை எங்கள் திண்ணையில்தான் இருந்தது. என் மகளின் கையிலிருந்து தீனி தின்னும். யாரோ சொல்லி அதிகாரிகள் வந்து கொண்டுபோய்விட்டார்கள், வழக்குப் போடாமல் விடுவதே பெரிது என்றும் சொன்னார்கள். உயிரைக் காப்பாற்றியது குற்றமா? அடிபட்ட உயிர்களை மீட்க ஒரு குழு தொடங்க இருந்த எங்கள் ஊர் இளைஞர்களும் இதைப் பார்த்துத் தயங்குகிறார்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மணிக்கு,

காப்பாற்றியது குற்றமில்லை. தெரிவிக்காமல் வைத்துக்கொண்டதுதான் குற்றம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 39ஆவது பிரிவில், கைக்கு வந்த காட்டுயிரைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ உரிய அதிகாரிக்கோ தெரிவிக்கச் சொல்கிறது. மிகுந்த பாதுகாப்புக்குரிய உயிர்களைச் சொல்லும் அதன் முதல் அட்டவணையில் மயில் இருக்கிறது. உழவில் அகப்பட்ட மயில் முட்டைகளை அடைக்கோழிக்கு வைக்கும் பழக்கமும் இதில் அடங்கும். முட்டையைக் கலைப்பதையே வேட்டை என்று சட்டம் வகுத்திருக்கிறது. வந்தவர்கள் இதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். மிரட்டினால் அடுத்த முறை அடிபட்ட மயிலைப் பார்ப்பவர் பார்க்காததுபோலப் போய்விடுவார்.

ஆனால் சட்டமே இல்லாதிருந்தாலும் அந்த மயில் உங்கள் திண்ணையில் தங்கியிருக்கக் கூடாது என்றுதான் சொல்வேன். கையில் தீனி தின்றது என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் கவலைதான் வந்தது. மனிதரையும் வீட்டு நாயையும் கண்டு விலகாத மயில், பக்கத்துத் தோட்டத்து நாயிடமும் அப்படித்தான் நிற்கும். தக்காளியையும் நிலக்கடலையையும் மயிலுக்குப் பறிகொடுத்து நொந்துபோயிருக்கும் விவசாயியின் முன்னாலும் அப்படித்தான் நிற்கும். இப்படி வளர்ந்தது ஆண் மயிலானால், பருவத்தில் கால் முள்ளோடு குழந்தைகள் மீது பாயவும் கூடும். ஆகவே மருத்துவம் முடிந்ததற்கு அடையாளம் கால் ஊன்றி நடப்பது மட்டுமன்று, நம்மைக் கண்டதும் ஓடுவதும்தான். மறுவாழ்வு மையங்களில் ஆள் முகம் காட்டாமல் தீனி வைப்பதும், பேச்சுக் கொடுக்காமல் இருப்பதும், கூண்டைத் துணியால் மறைப்பதும் இதற்காகவே.

இன்னொன்று, எலும்பு. பறவையின் எலும்பு முறிவு ஏறக்குறைய மூன்று வாரத்தில் கூடிவிடும். விரைவாகக் கூடுவதாலேயே, முதல் சில நாட்களுக்குள் மருத்துவர் நேராக்கிக் கட்டாவிட்டால் கோணலாகக் கூடி, பிறகு திருத்த வழியில்லாமல் போகும். மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பற்றுப் போடுவது ஆட்டுக்குச் சரிப்படலாம். இறகில் எண்ணெய் பட்டால் மழை தாங்காது, பறக்கவும் முடியாது.

குழு தொடங்கும் தம்பிமார்கள் தயங்க வேண்டியதில்லை. அவர்களுடைய வேலை முதல் சில மணி நேரம்தான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டால் போதும். மயிலைப் பிடிக்கும்போது முதலில் தலைமேல் துணியைப் போட வேண்டும், இருட்டானால் அடங்கிவிடும். பிறகு இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைத்து, கால்களைத் தனியே பிடிக்க வேண்டும். மார்பை மட்டும் இறுக்கக் கூடாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே நின்று நமக்கு மூச்சை இயக்கும் உதரவிதானத் தசை பறவைக்கு இல்லை, மார்பெலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. பாசத்தோடு இறுக அணைத்தே மூச்சுத் திணற வைத்துவிடலாம். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். துளையிட்ட அட்டைப்பெட்டி, இருட்டு, அமைதி, வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, கால்நடை மருத்துவர்: இவ்வளவுதான். புள்ளிமானானால் கூட்டத்தை விலக்குவதுதான் முதல் வேலை. துரத்திப் பிடிக்கும் பதற்றத்திலேயே அது தசை சிதைந்து இறந்துபோகும். கீரியோ குரங்கோ நரியோ கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கூட்டிலிருந்து இறங்கிப் பறக்கப் பழகும் குஞ்சுகளை அனாதை என்று எண்ணி எடுத்து வருவதும் நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல்தான். தாய் பக்கத்து மரத்தில் இருக்கும். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. விழுந்த குஞ்சை மறுபடி கூட்டில் வைக்கலாம்.

அழைப்பு வராத நாட்களிலும் வேலை இருக்கிறது. கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி வளர்த்த கிளுவை முள்வேலியை எடுத்துவிட்டுப் பல தோட்டங்களில் பழைய மீன்வலையைக் கட்டியிருக்கிறார்கள். சாரையும் உடும்பும் அதில் சிக்கிக் கிடக்கின்றன. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் வேறு. தோட்டக்காரர்களைக் கேட்டுக்கொண்டு முதலில் அந்த வலைகளை அவிழ்க்கலாம்.