அமெரிக்காவில் வீட்டு வாசலில் மெயில்பாக்ஸ் நட என்ன விதிகள்? உயரம், இடைவெளி எவ்வளவு?

சாலை மட்டத்திலிருந்து பெட்டியின் அடிப்பக்கம் வரை 41 முதல் 45 அங்குலம். சாலை ஓரத்து விளிம்புக் கல்லான கர்ப்பின் முகப்பிலிருந்து பெட்டியின் கதவு வரை 6 முதல் 8 அங்குலம். தபால்காரர் வண்டியின் வலப்பக்கம் உட்கார்ந்தபடியே கை நீட்டிப் போடுவதற்கான கணக்கு இது.

பலரும் தவறுவது டேப்பை எங்கே வைத்து அளப்பது என்பதில்தான். புல்தரையிலிருந்து 42 அங்குலம் அளந்து நட்டால், கர்ப் 6 அங்குலம் இருக்கும் இடத்தில் பெட்டி சாலையிலிருந்து 48 அங்குலத்தில் போய் நிற்கும். அதேபோல 6–8 அங்குலம் கதவுக்குத்தான், கம்பத்துக்கு அல்ல. 20 அங்குல நீளப் பெட்டியைக் கம்பத்தின் தலையில் நடுவாக வைத்தால், கம்பத்தின் மையம் கர்பிலிருந்து 16–18 அங்குலம் உள்ளே வரும். கர்ப் இல்லாத சாலை என்றால் முதலில் உள்ளூர் போஸ்ட்மாஸ்டரைக் கேளுங்கள். வீட்டுச் சங்கம் இருந்தால் நிறம், வடிவத்துக்கு அவர்கள் விதி தனி.

குழி தோண்டுவதற்குச் சில நாள் முன்பே, தோண்டுமுன் தகவல் சொல்வதற்கான எண்ணான 811-க்குப் போன் செய்யுங்கள். இலவசம்தான். நிலத்தடியில் கேஸ், மின்சாரம், கேபிள் போகும் இடத்தில் வந்து குறி போட்டுவிட்டுப் போவார்கள்.

கம்பத்துக்கு நாலுக்கு நாலு அங்குல மரம் அல்லது 2 அங்குல இரும்பு, அலுமினியக் குழாய் போதும். 24 அங்குலத்துக்கு மேல் புதைக்கக் கூடாது. கார் மோதினால் கம்பம் சாய வேண்டும், ஆள் சாகக் கூடாது. செங்கல் தூண், கான்கிரீட் நிரப்பிய பால் கேன் எல்லாம் வேண்டாம் என்பது அதனால்தான். மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்கினாலே கம்பம் நன்றாக நிற்கும். 8 அடி மரத்தை 5 அடியாக அறுத்து 2 அடி புதைத்தால் தரைக்கு மேல் 36 அங்குலம். மேலே பெட்டியைப் பொருத்த முக்கால் அங்குலப் பலகை, கீழே 6 அங்குலக் கர்ப் சேர்த்தால் 42¾. விதிக்குள் அடங்கிவிடும். அந்தப் பலகை முன்பக்கம் துருத்தினால் கதவு முழுதாகத் திறக்காது, பெட்டியின் அடிக்குழிக்குள் அடங்கும்படி அறுங்கள்.

கடையில் வாங்கும்போது போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் அங்கீகார முத்திரை இருக்கிறதா பாருங்கள். நீங்களே செய்த பெட்டி என்றால் போஸ்ட்மாஸ்டரிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். வீட்டு எண் குறைந்தது 1 அங்குல உயரமுள்ள எழுத்தில், தபால்காரர் வரும் பக்கம் தெரிய வேண்டும். பெட்டி வேறு தெருவில் நின்றால் தெருப் பெயரோடு முழு முகவரி எழுதுங்கள்.

பூட்டுள்ள பெட்டி வைக்கலாம். ஆனால் தபால்காரர் சாவி வாங்க மாட்டார், அன்றாடத் தபால் நுழையும் அளவுக்குத் துவாரம் இருக்க வேண்டும்: குறைந்தது 1¾ அங்குல உயரம், 10 அங்குல அகலம். பனி பெய்கிற ஊரில் பெட்டிக்கு முன்னால் பனியை ஒதுக்கி வழி விடுவதும் உங்கள் வேலை. வண்டி நெருங்க முடியாவிட்டால் தபால் நின்றுபோகலாம்.