ரிஃப்ளெக்‌ஷன் (தன் அனுபவத்தைத் தானே அலசிப் பார்ப்பது) எழுதச் சொன்னால் எம்பிபிஎஸ் மாணவர்கள் நோயாளியின் கேஸ் ஷீட்டையே திரும்ப எழுதுகிறார்கள். என்ன செய்யலாம்?

2019 பாடத்திட்டத்துக்குப் பிறகு மாணவரின் பயிற்சிப் பதிவேடான லாக்புக்கில் இதுவும் சேர்ந்துவிட்டது. என்ன நடந்தது, அதனால் என்ன, அடுத்து என்ன என்ற மூன்று கேள்விகளில் முதலாவதிலேயே பக்கத்தை நிரப்பிவிடுகிறார்கள். அதற்கு இரண்டு வரிதான் என்று கட்டுப்படுத்துங்கள்.

உதாரணமாக, வயிற்றுப்போக்கில் உடல் வறண்ட குழந்தைக்கு இரண்டு முறை குத்தியும் கானுலா (நரம்பில் திரவம் ஏற்றும் சிறு குழாய்) ஏறவில்லை. மூன்றாவது முறையும் குத்தினார் மாணவர். “இனி கவனமாக இருப்பேன்” என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். “சீனியரைக் கூப்பிடக் கூச்சப்பட்டேன். இனி இரண்டு முறை தவறினால் கூப்பிடுவேன்” என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அன்றைக்கே எழுத வேண்டும். பரீட்சைக்கு முந்தின வாரம் எழுதினால் கதைதான் வரும். மார்க் போட்டாலோ, உங்களுக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார்கள்! ஓரத்தில் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தால் போதும். நோயாளியின் பெயர், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) எழுதவே கூடாது.