மிஸ்ஸி பதில்கள்: ஸ்னோ கொட்டற ஊர்ல காலை நடை

கேள்வி: மிஸ்ஸி, எனக்கு 63 வயசு, இனிப்புநீர் இருக்கு, பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடறேன். தினமும் காலையில ஆறரைக்கு எல்லாம் கிளம்பி செம்பனைக் காட்டு ஓரமா நடந்து கோயில் வரைக்கும் போயிட்டு வருவேன். டிசம்பர்ல மகளுக்குப் பிரசவம், கனடாவுல ஸ்கார்பரோ, மார்ச் வரைக்கும் அங்கதான் இருக்கணும். ஸ்னோவுல வெளிய கால் வைக்கக் கூடாதுன்னு மருமகன் இப்பவே சொல்லிட்டாரு. இத்தனை மாசம் நடக்காம இருந்தா சீனி ஏறிடாதா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: ஏறத்தான் செய்யும் அக்கா, அதுவும் பிரசவ வீடு, பத்தியம்னு சொல்லி மகளுக்குச் சமைக்கறதுல பாதி நம்ம வாய்க்குள்ள போயிடும். நடையை விட வேணாம், ஆனா மருமகன் பயப்படறதுலயும் அர்த்தம் இருக்கு. குளிரைக்கூட உடுப்பு போட்டு சமாளிச்சுடலாம், வழுக்கல்தான் ஆளைச் சாய்க்கும். புதுசா விழுந்த ஸ்னோவுல கால் புதையும் அவ்வளவுதான், ஆனா பகல்ல உருகின தண்ணி ராத்திரி மறுபடி உறைஞ்சு ரோட்டோட ரோடா மெல்லிசா ஒட்டிக்கும், பிளாக் ஐஸ்னு சொல்வாங்க, பார்த்தா சும்மா மழையில நனைஞ்ச தார் ரோடுன்னுதான் தோணும். நடைபாதையில உப்பு போடுவாங்க, உப்பு சேர்ந்தா தண்ணி சீக்கிரம் உறையாது, ஆனா ஏறக்குறைய மைனஸ் 10க்குக் கீழ இறங்கிட்டா சாதா உப்பும் சரியா வேலை செய்யாது.

அதனால அந்த ஆறரை மணியை சுங்கை சிப்புட்லயே விட்டுட்டுப் போங்க. டிசம்பர்ல அங்க விடியறதுக்கே ஏழே முக்கால் ஆயிடும், சாயங்காலம் அஞ்சுக்குள்ள இருட்டிடும், வழுக்கலும் விடியக்காலையிலதான் ஜாஸ்தி. பகல் 11லிருந்து 2க்குள்ள, மகளும் குழந்தையும் தூங்கற நேரமா பார்த்துப் போங்க. நடக்கறப்போ பென்குயின் மாதிரி, குட்டிக் குட்டி அடியா, பாதம் முழுசும் தரையில படற மாதிரி, உடம்பு லேசா முன்னால சாய்ஞ்ச மாதிரி வைக்கணும். கையை பாக்கெட்டுக்குள்ள விடக் கூடாது, வழுக்கினா தடுமாறாம சமாளிக்க கை வேணும், அதுக்கு கிளவுஸ் போட்டுக்கலாம்.

பூட்ஸை இங்க வாங்காதீங்க, வெள்ளி தண்டம், அங்க போய் வாங்குங்க. கால் விரலை உள்ள அசைக்க இடம் இருக்கணும், டைட்டா இருந்தா ரத்த ஓட்டம் குறைஞ்சு இன்னும் குளிரும். பூட்ஸ் அடியில மாட்டற முள்ளு வச்ச ரப்பர் பட்டையும் கிடைக்கும், ஐஸ்ல நல்லா பிடிக்கும், ஆனா கட்டடத்துக்குள்ள நுழையும்போது கழட்டிடுங்க, டைல்ஸ்ல அதே உங்களை வழுக்கி விட்டுடும். உள்ள போடறது காட்டன் வேணாம், வேர்வையை இழுத்து வச்சுக்கிட்டு அப்புறம் ஜில்லுன்னு ஆக்கும். கம்பளி இல்லன்னா சிந்தெடிக், அதுக்கு மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல காத்து புகாத ஜாக்கெட்.

இனிப்புநீர் இருக்கறவங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். பாதம் மரத்துப் போயிருந்தா குளிர் கடிச்சாலும் தெரியாது, அதனால வீட்டுக்கு வந்ததும் சாக்ஸை கழட்டி விரல் இடுக்கு வரைக்கும் பாருங்க, சூடு பண்றேன்னு ஹீட்டர் பக்கத்துல காலை நீட்டாதீங்க, சுட்டாலும் தெரியாது. ஊசி போடறவங்களா இருந்தா இன்சுலின் உறையக் கூடாது, உறைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். சீனி பார்க்கற மெஷினும் குளிர்ல சரியா காட்டாது, ஜாக்கெட் உள் பாக்கெட்ல வைங்க. அங்க வானிலை அறிக்கையில காத்தோட குளிரைச் சேர்த்து விண்ட் சில்னு ஒரு நம்பர் சொல்வாங்க, அது மைனஸ் 28க்குக் கீழ போனா திறந்திருக்கற தோல் 10லிருந்து 30 நிமிஷத்துல உறையலாம், அன்னைக்கு வெளிய நடை கிடையாது.

அந்த மாதிரி நாள்ல மாலுக்குப் போங்க, கடை திறக்கறதுக்கு முன்னாடியே நடக்க வர்றவங்களுக்குக் கதவு திறந்து விடற மால்கள் அந்த ஊர்ல உண்டு, மருமகனை விசாரிச்சு வைக்கச் சொல்லுங்க. டொராண்டோ டவுன்டவுன் போனா 'பாத்' (PATH)னு தரைக்கடியிலயே 30 கிலோமீட்டருக்கு மேல நடைபாதை இருக்கு, எல்லாம் கடைதான், பர்ஸை மட்டும் மகள்கிட்ட குடுத்துட்டுப் போங்க. அதுவும் முடியலன்னா சாப்பிட்டதும் வீட்டுக்குள்ளயே பத்து பத்து நிமிஷம், சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறற சீனிக்கு அது நல்லாவே கேக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்றதே வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம்தான், எங்க நடந்தாலும் கணக்குதான்.

ஒண்ணு மட்டும் கேளுங்க, வாசல்ல ஸ்னோ குவிஞ்சு கிடக்கேன்னு மம்பட்டி எடுத்துடாதீங்க. பால் மரம் வெட்டின கைன்னு எனக்குத் தெரியும், ஆனா குளிர்ல ரத்தக் குழாய் சுருங்கி பிரஷர் ஏறியிருக்கும், அந்த நேரத்துல ஸ்னோ அள்ளி நெஞ்சு வலி வந்து விழுந்தவங்க அங்க நிறைய. கிளம்பறதுக்கு முன்னாடி கிளினிக்ல பாதத்தையும் பிரஷரையும் காட்டிட்டு, மார்ச் வரைக்கும் மாத்திரைக்கு என்ன வழின்னும் கேட்டுடுங்க.

கேள்வி: இங்க ஸ்னோ இல்ல மிஸ்ஸி, ஆனா அக்டோபர் நவம்பர் வந்தா வேலை முடிஞ்சு நடக்கப் போற நேரம் பார்த்து இடி மழை. என்ன பண்றது? (வாசகர், கூலிம்)

பதில்: நம்ம பக்கம் அந்த மாசத்துல மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான் தம்பி, காலையில எந்திரிங்க. எந்திரிக்க மாட்டேன்னா, இடி இல்லாத மழையில பாசார் கூரைக்கு அடியில நடங்க. இடி சத்தம் கேட்டா பாடாங்ல நிக்காதீங்க, மரத்தடியிலயும் ஒதுங்காதீங்க, கட்டடத்துக்குள்ள போங்க, கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் கழிச்சு வெளிய வாங்க.