கொய் மீன்கள் அடியில் சாய்ந்து படுத்தால்

வணக்கம் சகோ. கோத்தகிரியில் சிமெண்ட் தொட்டியில் புதுக் கொய் (அழகுக்கு வளர்க்கிற கெண்டை மீன்) விட்ட பத்தே நாளில் பழைய மீன்களும் அடியில் ஒருக்களித்துப் படுத்துடுச்சு, ஆன்டிபயாடிக்குக்கும் கேட்கலைன்னு எழுதியிருக்கீங்க. படிக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு.

அந்த மருந்தை நிறுத்திடுங்க, வைரஸுக்கு அது வேலை செய்யாது. செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்க. செவுள் வீங்கி, சளி கோத்து, கண்ணும் உள்ளே போயிருந்தா தூங்கு நோயா இருக்கலாம். அது அம்மை வைரஸ் குடும்பத்து வைரஸால வர்ற நோய். 15 முதல் 25 டிகிரித் தண்ணியில் கொய்யைத் தாக்கும். நம்ம மலைத் தண்ணி அதுக்கு ரொம்பத் தோது.

ஆயிரம் லிட்டருக்கு 5 கிலோ கல்லுப்பு. கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க (செடி இருந்தா முதல்ல எடுத்துடுங்க). உப்பு வைரஸைக் கொல்லாது, மீன் தாக்குப்பிடிக்க அவகாசம் தரும். காற்று மோட்டார் ராத்திரியும் ஓடணும். தீனி வேண்டாம். எனக்குப் பாதி மீன் இப்படித்தான் எழுந்துச்சு.

கொய் ஹெர்பஸ்னு இன்னொரு வைரஸ் நோயும் இதே மாதிரி தெரியும், அதனால பிசிஆர் (வைரஸோட மரபணுவைத் தேடுற ஆய்வகச் சோதனை) அவசியம். செவுள் துண்டை எத்தனாலில் போட்டு மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்க.

தொட்டித் தண்ணியை ப்ளீச்சிங் பவுடர் போடாம ஓடையில் விடாதீங்க, அது பவானிக்குத்தான் போய்ச் சேரும். பிழைச்ச மீனும் வைரஸைச் சுமக்கலாம், தயவுசெஞ்சு யாருக்கும் கொடுத்துடாதீங்க.